நடுகல் படத் தொகுப்பைக் கிளவுடில் பகிர்வது: நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல் (பூசலில் இறந்த வீரனுக்கு நட்ட கல்), கல்திட்டை (கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச்சின்னம்), பாறை ஓவியம் என்று தேடிப் போய்ப் படம் எடுக்கும் நண்பர்கள் சேர்ந்து ஒரே தொகுப்பு வைத்திருக்கிறோம். பள்ளி ஆசிரியர், ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர், மாந்தோப்புக்காரர், கல்லூரி மாணவர் என்று கலந்த குழு. தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கல்யாணப் படங்களையோ பள்ளி நண்பர்களின் சுற்றுலாப் படங்களையோ சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அண்ணா, வாட்ஸ்அப் குழுவில்தான் எல்லாப் படமும் போடுகிறோமே, அப்புறம் எதற்குத் தனியாக ஓர் இடம்?

வழக்கமான முறையில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ஆறாயிரம் பிக்சல் அகலத்தில் எடுத்த படம் எதிர்முனையில் சுமார் 1,600 பிக்சலாகத்தான் இறங்கும். ஹெச்டி என்று தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் மேல். அதுவும் அசல் இல்லை. 'இன்று இந்தக் கல்லைப் பார்த்தோம்' என்று சொல்ல அது போதும். எழுத்தைப் படிக்கப் போதாது.

பல்லவர் காலத்து நடுகல்லில் வில்லோடு நிற்கும் வீரனுக்கு மேலே சில வரிகள் வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து வடிவம், இருக்கும். 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், எந்தப் பூசலில் யார் இறந்தான் என்று போய் 'பட்டான் கல்' என்று முடியும். அவன் தொறுக்கொண்டு பட்டானா, தொறு மீட்டுப் பட்டானா, அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்து வந்து செத்தானா, பறிபோன மந்தையை மீட்டுச் செத்தானா என்பது இரண்டு மூன்று எழுத்துகளில் இருக்கிறது. கல்லோ கரடு, வெட்டிய கோடு ஆழமில்லை, மேலே எண்ணெயும் மஞ்சளும் படிந்திருக்கும். படம் சுருங்கும்போது எழுத்தின் கோடும் கல்லின் பொரிவும் ஒன்றாகக் குழைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டங்கள்தான் தெரியும்.

ஆவணமாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை இருக்கலாம். அவசரத்துக்கு அப்படி அனுப்புங்கள். ஆனால் போன மழைக்காலத்தில் யாரோ போட்ட படத்தைக் குழு உரையாடலுக்குள் தேடி எடுப்பது எப்படி? ஊர்வாரியாக அடுக்குவது எப்படி? அதற்குத்தான் தனி இடம்.

கிளவுட் என்றால் சரியாக என்ன? படம் எங்கே போய் இருக்கிறது?

கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் தரவு மையங்களில் இருக்கும் கணினிகளில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடம், அவ்வளவுதான். இணைய இணைப்பும் கணக்கும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் திறக்கலாம். பென்னாகரத்தில் ஏற்றிய படத்தைப் பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் அடுத்த நிமிடம் பார்க்கிறார்.

கூகுள் டிரைவா, கூகுள் போட்டோஸா? இரண்டும் ஒன்றுதானே?

2019 ஜூலை வரை இரண்டும் ஓரளவு இணைந்திருந்தன, அதன்பின் பிரித்துவிட்டார்கள். இன்று டிரைவில் போட்டது போட்டோஸில் தானாக வராது. போட்டோஸில் உள்ளது டிரைவில் தெரியாது. 'ஏற்றிவிட்டேன், உங்களுக்கு வரவில்லையா' என்ற குழப்பத்தில் பாதி இதனால் வருவது.

போட்டோஸ் பார்ப்பதற்கு இனிமையானது. தேதி, முகம், இடம் என்று அதுவே பிரித்துக் காட்டும். பகிர்ந்த ஆல்பம் ஒன்றில் 20,000 படங்கள் வரை வைக்கலாம். ஆனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் கிடையாது. எங்களுக்கு மாவட்டம், வட்டம், ஊர், கல் என்ற வரிசை முக்கியம். ஆகவே அசல் படங்களும் குறிப்புகளும் டிரைவில் இருக்கின்றன. நண்பர்களுக்குக் காட்டத் தேர்ந்தெடுத்தவை மட்டும் போட்டோஸ் ஆல்பத்தில். கல்யாணப் படம், சுற்றுலாப் படம் என்றால் நான் தயங்காமல் போட்டோஸைத்தான் சொல்வேன்.

இலவசமாக எவ்வளவு இடம் கிடைக்கும்?

கூகுளில் 15 ஜிபி. அது டிரைவுக்கு மட்டுமில்லை. ஜிமெயிலும் போட்டோஸும் அதே 15 ஜிபியைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்டிரைவ் 5 ஜிபி, ஆப்பிளின் ஐகிளவுட் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி, மெகா 20 ஜிபி. போட்டோஸில் சுருக்கிய படங்களுக்கு வரம்பே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றுகிற எல்லாமே கணக்கில் சேர்கின்றன. அந்தப் பழைய நினைவில் இன்னும் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை சேமிப்பு அளவைப் பார்த்துவிடுங்கள்.

24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஜேபெக் படம் ஒன்று சுமாராக 10 எம்பி என்று வைத்தால், 15 ஜிபியில் 1,500 படங்கள். ரா வடிவம், அதாவது கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பு என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பெரிய குழுவுக்கு இலவச இடம் நிச்சயம் போதாது. ஒருவர் பெயரில் கட்டணத் திட்டம் எடுத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வதே நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஐந்து பேரின் இலவசக் கணக்குகளில் சிதறவிட்டால், எந்தக் கல் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

நீங்கள் பகிர்ந்த ஃபோல்டரைத் திறந்தால் என் 15 ஜிபி குறையுமா?

குறையாது. பார்ப்பதற்கு இடம் செலவாவதில்லை. ஆனால் அந்த ஃபோல்டருக்குள் நீங்கள் ஒரு படத்தைப் போட்டால், அது உங்கள் கணக்கில் சேரும். ஃபோல்டர் என்னுடையதாக இருந்தாலும் கோப்பு உங்களுடையது. போட்டோஸ் ஆல்பத்திலும் சேர்ப்பவர் கணக்கில்தான் இடம் கழியும். அங்கே மற்றவர் படத்தை உங்கள் தொகுப்பில் சேமித்துக்கொண்டால் அந்தப் பிரதி உங்கள் இடத்தை எடுக்கும்.

போட்டோஸில் 'ஒரிஜினல் குவாலிட்டி', 'ஸ்டோரேஜ் சேவர்' என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

நடுகல் படத்துக்கு ஒரிஜினல் மட்டும். ஸ்டோரேஜ் சேவர் படத்தை அழுத்திச் சுருக்கும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதை அந்த அளவுக்குக் குறைக்கும். வீடியோவை 1080பி தரத்துக்கு இறக்கும். குடும்பப் படங்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே தாராளமாகச் சேவரைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்துக் கல்லுக்கு ஏன் கூடாது என்பதை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். டிரைவ் படத்தைத் தொடுவதில்லை. போட்டது போட்டபடி இருக்கும்.

ஒரே கல்லை இருபது முறை எடுத்திருக்கிறேன் சார். எல்லாவற்றையும் ஏற்றட்டுமா?

ஆடிப்போனவை, மங்கியவை, விரல் மறைத்தவை வேண்டாம். ஆனால் 'எல்லாம் ஒரே மாதிரிதானே' என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடாதீர்கள். நடுகல்லைப் பொறுத்தவரை வெளிச்சம்தான் எல்லாம். காலை எட்டு மணிக்குப் பக்கவாட்டில் விழும் வெயிலில் இடப்புறக் கோடுகள் நிழல் கட்டி எழுந்து நிற்கும், மாலையில் வலப்புறம். உச்சி வெயிலில் கல் வெளிறிப்போய் எழுத்தே இல்லாததுபோல் தெரியும். ஒரு எழுத்து காலைப் படத்தில் தெரியாமல் மாலைப் படத்தில் தெளிவாகத் தெரிந்ததை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். வெவ்வேறு கோண வெளிச்சத்தில் எடுத்தவை ஒவ்வொன்றும் தனி ஆதாரம்.

எனக்கு வேண்டியவை இவை: கல்லின் முழு உருவம், பின்புறமும் பக்கங்களும், ஒவ்வொரு வரியும் தனியாக, நெருக்கத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்த ஒரு படம், கல் நிற்கும் இடம் தெரியும்படி தள்ளி நின்று எடுத்த ஒரு படம். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிறகு சாலை விரிவாக்கத்தில் கல் இடம் மாறினால், முன்பு எங்கே, எந்தத் திசை பார்த்து நின்றது என்பதற்கு அந்த ஒரு படம்தான் சாட்சி.

எழுத்து தெரியவேண்டும் என்பதற்காகச் சாக்பீஸ் பூசுவதையும் கம்பியால் சுரண்டுவதையும் கைவிடுங்கள். அப்படி எடுத்த படங்களை நான் தொகுப்பில் சேர்ப்பதில்லை.

ஏற்ற ஆரம்பித்தால் முடியவே மாட்டேன் என்கிறது. என் போனில் கோளாறா?

பெரும்பாலும் போனில் கோளாறு இருக்காது. நம் இணைப்புகளில் பதிவிறக்கம் வேகமாகவும் பதிவேற்றம் மெதுவாகவும் இருக்கும். பதிவேற்ற வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால், 10 ஜிபி ஏற்ற ஏறக்குறைய நான்கரை மணி நேரம் ஆகும். 40 எம்பிபிஎஸ் கிடைக்கும் பைபர் இணைப்பில் அதே வேலை அரை மணிக்குச் சற்று மேல். தினம் 2 ஜிபி என்று டேட்டா பேக் போட்டிருப்பவர் அந்த 10 ஜிபியை ஏற்ற ஐந்து நாள் டேட்டாவையும் கொடுத்துவிட வேண்டியிருக்கும்.

எனவே அஞ்செட்டி மலைப்பாதையில் நின்றுகொண்டு ஏற்ற முயல வேண்டாம். வீட்டுக்கு வந்து, வைஃபையில், சார்ஜரில் போட்டுவிட்டு, இரவில் ஏற்றுங்கள். பேட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தால் பல போன்கள் திரை அணைந்ததும் ஏற்றுவதை நிறுத்திவிடும். அதை அணைத்து வையுங்கள். கணினி இருப்பவர்கள் டிரைவின் கணினிச் செயலியை நிறுவிக்கொள்ளலாம். மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏற்றி முடித்ததும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மெமரி கார்டை அழியுங்கள். அதற்கு முன் அழிக்க வேண்டாம்.

ஐபோனில் எடுத்த நண்பரின் படம் என் கணினியில் திறக்கவில்லை. படம் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அது ஹெய்க் என்ற வடிவம். டிரைவில் உலாவி வழியாகப் பார்த்தால் தெரியும். இனி எடுப்பவை எல்லோருக்கும் திறக்க வேண்டுமென்றால், ஐபோன் அமைப்புகளில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஜேபெக் ஆகவே பதிவாகும்.

ஃபோல்டருக்கும் படத்துக்கும் எப்படிப் பெயர் வைப்பது? கேமரா கொடுத்த எண்ணே இருந்தால் என்ன?

கேமரா எண் எல்லோருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. மூன்று பேர் கேமராவிலும் ஒரே பெயரில் படம் இருக்கும். டிரைவ் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகளை மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு எது யாருடையது என்று தெரியாது.

நாங்கள் வைக்கும் வரிசை: வட்டம், ஊர், கல் எண், தேதி, எடுத்தவர் பெயரின் முதலெழுத்துகள். தேதியில் ஆண்டை முதலில் எழுதுங்கள். அப்போதுதான் பட்டியல் காலவரிசையில் நிற்கும். வட்டத்தின் பெயரை விட்டுவிட வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இந்தப் பக்கம் சாதாரணம். பாலக்கோட்டில் ஒன்று, ஊத்தங்கரையில் ஒன்று என்று இருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் அச்சான நூல்களில் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கற்களும் 'தருமபுரி மாவட்டம்' என்றே இருக்கும். ஆகவே பழைய நூலோடு ஒப்பிடும்போது மாவட்டப் பெயரை நம்பாமல் ஊரைப் பாருங்கள்.

லிங்க் அனுப்பினால் போதாதா? என் மின்னஞ்சல் முகவரியை எதற்குக் கேட்கிறீர்கள்?

'லிங்க் உள்ள எவரும்' என்று வைத்தால், அந்த லிங்க் எந்தக் குழுவுக்குப் போனாலும் அங்கே இருக்கும் எல்லோருக்கும் கதவு திறந்துவிடும். யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரி வாங்கி ஒவ்வொருவராகச் சேர்த்தால், அந்தக் கணக்கில் நுழைந்தவருக்கு மட்டுமே திறக்கும். ஒருவர் விலகினால் அவரை மட்டும் நீக்கலாம். அசல் தொகுப்புக்கு இரண்டாவது முறை. கண்காட்சிக்கோ பள்ளிக்கோ தேர்ந்தெடுத்த படங்களைக் காட்டுவதென்றால் லிங்க் போதும். நிகழ்ச்சி முடிந்ததும் மூடிவிடுவேன்.

எனக்கு ஏன் 'வியூவர்' மட்டும் கொடுத்திருக்கிறீர்கள்? நம்பிக்கை இல்லையா?

நம்பிக்கை இருக்கிறது. எடிட்டர் உரிமை உள்ளவர் ஃபோல்டரிலிருந்து கோப்பை எடுக்கலாம், இடம் மாற்றலாம், பெயர் மாற்றலாம். வேறு ஆட்களையும் சேர்க்கலாம். போனில் விரல் தவறிப் பட்டாலே இதில் ஒன்று நடந்துவிடும். அதனால் அடுக்கி முடித்த ஃபோல்டர்களில் எல்லோரும் வியூவர். புதியவை போடுவதற்கு 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் எல்லோரும் எடிட்டர். அங்கே வருவதை நானும் இன்னொருவரும் பார்த்து, பெயர் மாற்றி, உரிய இடத்தில் வைக்கிறோம். எடிட்டர்கள் வேறு ஆட்களைச் சேர்க்க முடியாதபடி பகிர்வு அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவைத்திருக்கிறேன்.

படத்துக்குள்ளேயே இடம் பதிவாகியிருக்கிறதாமே, அதை அழித்துவிட வேண்டுமா?

போனில் லொகேஷன் திறந்திருந்தால், படக் கோப்புக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதப்பட்டுவிடும். ஆய்வுக்கு அது பொக்கிஷம். 'ஏரிக்கரை வேப்பமரத்துக்குக் கிழக்கே' என்று எழுதியதைவிட நூறு மடங்கு துல்லியம். அசலிலிருந்து அதை ஒருபோதும் நீக்காதீர்கள்.

ஆனால் அதே எண்கள் புதையல் தேடுகிறவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? கல்திட்டைக்கும் கல்வட்டத்துக்கும் அடியில் தங்கம் இருக்கிறது என்று நம்பித் தோண்டுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்ட பிறகு, இடம் கேட்டு எங்களுக்கு வரும் விசாரிப்புகள் கூடியிருக்கின்றன. பெரும்பாலோர் உண்மையான ஆர்வலர்கள். எல்லோரும் அப்படியா என்று நம்மால் சொல்ல முடியாது. மல்லசந்திரம் போல் எல்லோருக்கும் தெரிந்த இடம் என்றால் மறைக்க ஒன்றுமில்லை. காட்டோரத்தில் காவலின்றி நிற்கும் கல்திட்டை என்றால் நிலைமை வேறு.

ஆகவே எங்கள் விதி: அசலில் இடம் இருக்கும்; வெளியே போகும் பிரதியில் இருக்காது. டிரைவ் லிங்க் வழியாகப் போகும் கோப்பில் இடத் தகவல் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் போய்விடும். முதல் பதிலில் சொன்னதுபோல் ஆவணமாக அனுப்பினால் கூடவே போகும். போட்டோஸ் ஆல்பத்தில் இடத்தைப் பகிரலாமா என்று தனியே ஒரு தேர்வு உண்டு, அதை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் கணினியில் கோப்பின் 'பிராப்பர்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போனால், தகவல்களை நீக்கிய பிரதியை அதுவே உருவாக்கித் தரும்.

கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் ஊர்ப் பெரியவர், பூசாரி படங்களையும் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். நம் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்று பூசை நடக்கும் சாமிகள். நமக்கு அது வரலாற்று ஆதாரம், அவர்களுக்குக் குலதெய்வம். படம் எடுக்க அனுமதித்தார்கள் என்றால் இணையத்தில் போடவும் அனுமதித்தார்கள் என்று பொருளில்லை. 'ஐயா, இதை வெளியே காட்டலாமா' என்று ஒரு வார்த்தை தனியாகக் கேளுங்கள். குழந்தைகள் முகம் தெரியும் படங்கள் எங்கள் பொது ஆல்பத்தில் இல்லை.

'ஆட் டு டிரைவ்' அழுத்தி எல்லாவற்றையும் என் டிரைவில் சேர்த்துவிட்டேன். இனி என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது, இல்லையா?

இல்லை. எங்கள் குழுவில் மிகப் பரவலான தவறான நம்பிக்கை இதுதான். அங்கே உருவாவது குறுக்குவழி மட்டும். படம் அதை ஏற்றியவர் கணக்கில்தான் இருக்கிறது. அவர் நீக்கினாலோ நான் பகிர்வை மூடினாலோ உங்கள் குறுக்குவழி வெறுமையாகிவிடும். உங்கள் 15 ஜிபி கொஞ்சமும் குறையவில்லை என்பதே அதற்கு அடையாளம்.

உண்மையான பிரதி வேண்டுமென்றால் பதிவிறக்க வேண்டும். கணினியில் ஃபோல்டரை வலது சொடுக்கிப் பதிவிறக்கினால் ஜிப் கோப்பாக வரும். பெரிய ஃபோல்டர் என்றால் பல ஜிப்களாகப் பிரிந்து வரும். எல்லாத் துண்டுகளும் வந்ததா என்று பார்த்துவிட்டு விரியுங்கள். முழுத் தொகுப்பையும் ஒரே மூச்சில் இறக்காமல், வட்டம் வட்டமாக இறக்குங்கள்.

என் போனில் அழித்தால் எல்லோருக்கும் அழிந்துவிடுமா?

டிரைவில் ஏற்றிவிட்டு போன் கேலரியில் அழித்தால் ஒன்றும் ஆகாது. போட்டோஸ் செயலியில் அழித்தால் கிளவுடிலிருந்தும் போகும். நீங்கள் ஆல்பத்தில் பகிர்ந்திருந்தால் அங்கிருந்தும் மறையும். போனில் இடம் வேண்டுமென்றால் அந்தச் செயலியில் இருக்கும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைப் பயன்படுத்துங்கள். அது போனிலிருந்து மட்டும் நீக்கும்.

தவறி அழித்துவிட்டால் உடனே சொல்லுங்கள். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். போட்டோஸில், கிளவுடில் ஏறிய படம் 60 நாள் இருக்கும். அதற்குப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

இடம் நிறைந்துவிட்டால் பழைய படங்கள் அழிந்துவிடுமா?

உடனே அழியாது. முதலில் புதிதாக எதுவும் ஏறாது. அதோடு ஜிமெயிலும் நின்றுவிடும். அனுப்பவும் முடியாது, வரவும் வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களும் வங்கி அறிவிப்புகளை ஜிமெயிலில் பெறுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வரம்பைத் தாண்டிய நிலையிலேயே இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தால், உள்ளே இருப்பவற்றை நீக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. கட்டணத் திட்டத்தைப் புதுப்பிக்காமல் விடுகிறவர்களுக்கும் இதே நிலைதான்.

குழுவுக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்கி, பாஸ்வேர்டை எல்லோரும் வைத்துக்கொண்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடுமே?

எல்லோரும் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் உறுதியாக மறுக்கிறேன். பாஸ்வேர்டு தெரிந்த ஒவ்வொருவரும் அந்தக் கணக்கின் முழு உரிமையாளர்; வியூவர், எடிட்டர் என்ற பாதுகாப்பு எதுவும் அங்கே கிடையாது. ஒரே கணக்கில் ஓசூரிலிருந்தும் அரூரிலிருந்தும் மாறி மாறி நுழைந்தால் கூகுள் சந்தேகப்பட்டுச் சரிபார்ப்பு எண் கேட்கும். அந்த எண் ஒருவர் போனுக்குத்தான் போகும். அவர் எண்ணை மாற்றிவிட்டால் எல்லோரும் வெளியே நிற்க வேண்டியதுதான். இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத கணக்கைக் கூகுள் மூடிவிடலாம் என்பதும் சேர்ந்துகொள்ளும்; பொதுக் கணக்கில் 'வேறு யாராவது நுழைவார்கள்' என்றே ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள்.

எல்லாம் டிரைவில் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் எதற்கு?

பகிர்வது வேறு, பாதுகாப்பது வேறு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பகிர்ந்த ஃபோல்டரை எத்தனை பேர் பார்த்தாலும் படம் இருப்பது ஒரே ஒரு இடத்தில். அந்தக் கணக்கு முடங்கினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

நாங்கள் கடைப்பிடிப்பது பலரும் அறிந்த 3-2-1 முறை: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். எங்களுக்கு டிரைவ் ஒன்று. தருமபுரியில் ஒரு ஹார்ட் டிஸ்க். ஓசூர் நண்பர் வீட்டில் இன்னொன்று. 'வரவு' ஃபோல்டரைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் இரண்டு டிஸ்க்குகளும் புதுப்பிக்கப்படுகின்றன. இது தவிர, ஒவ்வொருவரும் தம் சொந்த வட்டத்துப் படங்களையாவது இறக்கி வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லே உடைந்துபோனவை, திருட்டுப் போனவை உண்டு. அவற்றை மறுபடி போய் எடுக்க முடியாது.

நான் எடுத்த படத்தை வேறொருவர் தன் பெயரில் போட்டுவிட்டார். தொகுப்பில் சேர்த்துவிட்டால் உரிமை போய்விடுமா?

போகாது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்குத்தான் உரிமை. எடுத்தவரின் வாழ்நாள் முழுதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பகிர்ந்த ஃபோல்டரில் வைப்பதால் அந்த உரிமை மாறாது. கோப்புப் பெயரில் எடுத்தவர் எழுத்துகளைச் சேர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆய்வு மாணவர்கள் கேட்டால் நாங்கள் மகிழ்ச்சியோடு கொடுக்கிறோம்; எடுத்தவரிடம் சொல்லிவிட்டு, அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

கேட்கவே தயக்கமாக இருக்கிறது அண்ணா. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தொகுப்பு என்னவாகும்?

தயங்க வேண்டாம், கேட்க வேண்டிய கேள்விதான். கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கணக்கு இத்தனை காலம் பயன்படாமல் இருந்தால், இன்னின்னாருக்குத் தகவல் போகட்டும், இன்னின்ன தரவை அவர்கள் இறக்கிக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். காலத்தை மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை வைக்கலாம். பத்துப் பேர் வரை குறிப்பிடலாம். நான் மூன்று மாதம் என்று வைத்து, டிஸ்க் வைத்திருக்கும் இருவர் பெயரையும் கொடுத்திருக்கிறேன்.

உயிரோடு இருக்கும்போதே பொறுப்பைக் கைமாற்றுவதென்றால் டிரைவில் உரிமையாளரை மாற்றலாம். அங்கே ஒரு நுணுக்கம்: ஃபோல்டரின் உரிமையை மாற்றினால் உள்ளே உள்ள கோப்புகளின் உரிமை தானாக மாறாது. முன்பு சொன்னதுபோல் ஒவ்வொரு கோப்பும் ஏற்றியவருக்குச் சொந்தம். ஆகவே பொறுப்பை ஏற்பவர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் தம் கணக்கில் புதிதாக ஏற்றிக்கொள்வதே நேரான வழி. அதற்கு வேண்டிய இடத்தை முதலிலேயே வாங்கிவிட்டு, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்புதான் பழைய பகிர்வை மூட வேண்டும்.